கல்வராயன் மலை பின்தங்கியது யாரால்?

ஆத்தூர்க்காரன்:
2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகள் நடந்தபின், சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலைமையை விசாரித்தது. அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் "வரலாற்று அநீதி" என்கிறார்கள். மலையை ஆண்ட சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஆகிய ஜாகிர்தார்கள், அதாவது பரம்பரையாக மலையை அனுபவித்த நிலப்பிரபுக்கள், அந்த மலைக்காரர்கள்தானே? நாடு விடுதலையாகி 75 வருடம் தாண்டிவிட்டது. இன்னும் மலையில் சாராயம் காய்ச்ச ஊறல் போடுவதற்கு வரலாறா காரணம்?

மலைச்சாமி:
உங்கள் 75 வருடக் கணக்கு கீழ்நாட்டுக்கு, அதாவது சமவெளிக்குச் சரி. கல்வராயனில் ஜாகிர் ஆட்சி முழுதாக ஒழிந்ததே 1976இல்தான். 1996 வரை ஓட்டு இல்லை என்று அந்த வழக்கிலேயே சொல்லப்பட்டது. ஓட்டில்லாத ஊருக்கு எந்த எம்எல்ஏ சாலை கேட்பார்? அப்புறம், அந்த ஜூனில் ஆளைக் கொன்றது மெத்தனால் என்கிற விஷ ரசாயனம். அது மலையில் காய்ச்சுகிற சரக்கு இல்லை, கீழே இருந்து வந்தது.

நிலத்துக்கு வருவோம். தாத்தா காலத்திலிருந்து சாமை விதைக்கிற காடு கையில் இருக்கும், பட்டா இருக்காது. பயிர்க்கடன் கேட்டுப் போனால் நிலம் யார் பேரில் என்று காட்டுகிற சிட்டா எங்கே, என்ன பயிர் என்று காட்டுகிற அடங்கல் எங்கே என்பார்கள். வேறு வழியில்லாமல் கடுக்காயும் புளியும் வாங்க வருகிற வியாபாரியிடம் மலை உழவன் முன்பணம் வாங்குவான். முன்பணம் வாங்கியவன் விலை பேச முடியுமா?

ஆத்தூர்க்காரன்:
பட்டா இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? வெள்ளைக்காரன் அளந்து பட்டா கொடுத்த மலையும் இருக்கிறதே.

சேர்வராயன்:
இருக்கிறது, எங்கள் ஏற்காடு. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். பிறகு எஸ்டேட் வந்தது, சாலை வந்தது. மலையாளிப் பழங்குடியினர் (கேரளக்காரர் இல்லை, இந்த மலைகளில் வாழ்கிறவர்கள்) பலர் அதே மண்ணில் கூலிக்குப் போனார்கள். அளக்காத மலையில் பட்டா இல்லை. அளந்த மலையில் பட்டா வேறு ஆள் பேரில். இரண்டும் தானாக நடந்ததா?

ஆத்தூர்க்காரன்:
சரி, பழையது பழையதுதான். 2006இல் காட்டில் தலைமுறையாக உழுகிறவர்களுக்கு நில உரிமை தருகிற வன உரிமைச் சட்டம் வந்ததே, அதை வைத்து ஏன் வாங்கவில்லை?

மலைச்சாமி:
2008இல் நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் கொடுப்பது நின்றது. உச்ச நீதிமன்றம் 2016இல்தான் அதை நீக்கியது. மற்ற மாநிலங்கள் லட்சக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தபோது நம் ஆட்கள் மனுவோடு காத்திருந்தார்கள். ஈரோடு மாவட்ட மலையாளிகள் கதை இன்னும் மோசம், அவர்களுக்குப் பழங்குடிச் சான்றிதழே கிடையாது.

ஆத்தூர்க்காரன்:
நீங்கள் சொல்கிற 2008ம் 2016ம் ஜாகிர் காலமா? நேற்று நடந்தது. என் வாதமே அதுதான். எல்லாவற்றையும் ஜாகிர்தார் தலையில் கட்டினால், மலைக்குப் போஸ்டிங் போட்டால் வேலைக்கு வராத வாத்தியாரும், மனுவைத் தூங்கப்போட்ட அலுவலகமும் தப்பித்துவிடும்.

மலைச்சாமி:
அந்த அலுவலகத்தை நானும் விடச் சொல்லவில்லை. ஆனால் 1976இல் அரசு மலையை எடுத்தபோதே காடு எது, உழவன் நிலம் எது என்று அவனைக் கேட்டு அளந்திருந்தால், இன்றைக்கு அவன் அந்த மனுவையே எழுதியிருக்க வேண்டாம்.