கல்கியைப் படித்துவிட்டுத் தேடிப் போன இடங்கள்: உங்கள் அனுபவம்?

காவிரிக்கரையாள்:
எங்கள் வீட்டில் 'பொன்னியின் செல்வன்' கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை வருஷம் வந்த தொடரைப் பாட்டி வாராவாரம் இதழிலிருந்து பிரித்தெடுத்து, பைண்டு பண்ணி வைத்திருந்தார். ஒரு பக்கம் மணியம் வரைந்த நந்தினி, திருப்பினால் விளம்பரம். அதைப் படித்து முடித்ததிலிருந்து தஞ்சைப் பெரிய கோயிலைவிட காட்டுமன்னார்கோயிலுக்குப் போகத்தான் எனக்கு ஆசை.

காரணம், அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள கல்வெட்டு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி நேராகப் பேசும் சாட்சி அதுதான். போன வருஷம் ஒரு தமிழாசிரியரை அழைத்துக்கொண்டு போனேன். விபூதியும் எண்ணெயும் படிந்த சுவரில் அவர் விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் காட்டிக்கொண்டே வந்தார். சோமன்... ரவிதாசன்... எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சின்ன வயதில் ஆந்தைக் குரல் கேட்டாலே ரவிதாசன் கூட்டம் என்று போர்வைக்குள் ஒளிந்தவள் நான்!

கதையில் ரவிதாசன் மந்திரவாதி. கல்லிலோ பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டம் பெற்றவன், அதாவது சோழ அரசில் பெரிய பதவியில் இருந்த ஆள். துரோகிகளின் நிலத்தையும் அவர்கள் உறவினர் நிலத்தையும் பறிமுதல் செய்து விற்றது, அதை ஒருவர் வாங்கிக் கோயிலுக்கு அறம் வைத்தது என்று கணக்குவழக்கு போலத்தான் போகிறது. ஏன் கொன்றார்கள் என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

இந்தக் கொஞ்சூண்டு ஆதாரத்தை வைத்துக்கொண்டுதான் கல்கி கடம்பூர் மாளிகையையும் கொலை நடந்த அந்த இரவையும் எழுப்பினார். ஆனால் குத்தியது யார் என்று மட்டும் அடித்துச் சொல்லவில்லை. கதையை அந்தரத்தில் விட்டுவிட்டார் என்று சிலர் குறைப்படுவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல் சொல்லாததைத் தானும் முடிவாகச் சொல்லாமல் விட்டது அவருடைய நேர்மை. அப்புறம் உத்தம சோழருக்கு அருள்மொழி (பின்னாளில் ராஜராஜ சோழன்) அரசை விட்டுக்கொடுத்த கட்டமும் வெறும் கற்பனை இல்லை. திருவாலங்காட்டுச் செப்பேட்டில் அதற்கு ஆதாரம் இருக்கிறது.

கோடியக்கரைக்குப் போனவன்:
நான் கதையில் வரும் படகுக்காரி பூங்குழலிக்காகவே போனேன். அவள் தந்தை தியாகவிடங்கர் காத்த கலங்கரை விளக்கத்தைத் தேடினால், பழைய விளக்கம் 2004 சுனாமியில் விழுந்துவிட்டது என்றார்கள். கடற்கரையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். இலங்கைக் காட்சிகளுக்காகக் கல்கி, மணியத்தையும் கூட்டிக்கொண்டு அங்கே நேரில் போய்வந்தவர். அதனால்தான் அநுராதபுரம் பற்றிய பக்கங்களில் நாமும் கூடவே நடக்கிறோம்.

மாயவரம் வாசகன்:
எங்கள் பக்கத்துப் புத்தமங்கலம்தான் கல்கி பிறந்த ஊர். நான் போய்ப் பார்த்த இடத்தைச் சொல்லவில்லை, ஒரு பகுதியைச் சொல்கிறேன். கதை சட்டென்று முடிந்துவிட்டது என்று அன்றைய வாசகர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் முடிவுரை எழுதி, யார் யார் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று பொறுமையாகப் பதில் சொன்னார். பத்திரிகை ஆசிரியர் வேலை, தலையங்கம், சங்கீத விமர்சனம் எல்லாவற்றுக்கும் நடுவில் இதையும் செய்தார். அதே 1954 டிசம்பரில் போய்விட்டார், 55 வயதில். அந்த முடிவுரையை என்னால் சாதாரணமாகப் படிக்க முடிவதில்லை. தாண்டிப் போனவர்கள் தயவுசெய்து ஒரு தடவை படியுங்கள்.

காவிரிக்கரையாள்:
உடையார்குடி போவது எப்படி என்று கேட்டவர்களுக்கு: சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குப் பஸ் இருக்கிறது. சாய்வெயில் விழும் நேரமாகப் பார்த்துப் போங்கள், எழுத்துகள் எடுப்பாகத் தெரியும். சுவரில் மாவோ சுண்ணாம்போ தடவிப் படிக்காதீர்கள், கல் கெட்டுவிடும். பக்கத்திலேயே வீராணம் ஏரி. கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை அது. ஆடிப்பெருக்கு சமயத்தில் போனால் இன்னும் நல்லது.