முதலில் இன்ஹேலரா, எபி பென்னா? குழந்தைகளின் உணவு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும்: ஓராண்டு அனுபவங்கள்

சிகாகோவிலிருந்து ஒரு தாய்:

என் மகனுக்கு எள்ளும் வேர்க்கடலையும் ஒத்துக்கொள்ளாது. மூன்று வயதிலிருந்து ஆஸ்துமாவும் இருக்கிறது. அவனுக்கு ஏழு வயதானபோது, நண்பர் வீட்டு விருந்தில் தோசைக்கு வைத்திருந்த மிளகாய்ப் பொடியில் எள் வறுத்துச் சேர்த்திருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. பத்து நிமிடங்களுக்குள் அவன் இருமத் தொடங்கினான். உடலில் தடிப்பு இல்லை, உதடு வீங்கவில்லை. இருமலும் இளைப்பும் மட்டுமே இருந்ததால் வழக்கமான வீசிங்தான் என்று முடிவுசெய்து, இன்ஹேலரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். குரல் கம்மி, வாந்தி எடுத்து, அவன் என் தோளில் சரிந்த பிறகுதான் கைப்பையில் இருந்த எபி பென் (கடும் ஒவ்வாமைக்கான எபிநெஃப்ரின் மருந்து நிரப்பிய ஊசிப் பேனா) நினைவுக்கு வந்தது. அதைத் தொடையில் போட்ட சில நிமிடங்களில் கண் திறந்து தண்ணீர் கேட்டான்.

அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒவ்வாமை உள்ள குழந்தைக்குச் சாப்பிட்ட சிறிது நேரத்தில் மூச்சு இரைத்தால் அதை ஆஸ்துமா என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது என்றும், முதலில் எபிநெஃப்ரின், அதன் பிறகே இன்ஹேலர் என்றும் பொறுமையாக விளக்கினார். இன்ஹேலர் மூச்சுக்குழாயை மட்டுமே விரிக்கும். எபிநெஃப்ரினோ மூச்சுக்குழாயை விரிப்பதோடு, தளர்ந்துபோன இரத்தக் குழாய்களை இறுக்கி, சரிந்த இரத்த அழுத்தத்தை நிமிர்த்தி, தொண்டை வீக்கத்தையும் குறைக்கும். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத குழந்தைக்கு உணவு ஒவ்வாமை வந்தால் ஆபத்து கூடுதல் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். இரண்டு நோய்களுக்கும் இரண்டு தனித்தனி மருத்துவர்களிடம் சென்றுகொண்டிருந்த எனக்கு, அவை இரண்டும் ஒரே உடலில் சந்திக்கும் இடத்தை அதுவரை யாரும் காட்டியிருக்கவில்லை.

அந்தத் தவறு வேறொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே, கடந்த ஓராண்டாக வார இறுதிகளில் தமிழ்ப் பள்ளிகளுக்கும் கோயில் அரங்குகளுக்கும் ஊசியில்லாத பயிற்சிப் பேனாக்களை எடுத்துச் சென்று வருகிறேன். இங்குள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ருச்சி குப்தா தலைமையிலான குழு 38,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர்களிடம் கேட்டு 2018இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் குழந்தைகளில் 7.6 சதவீதத்தினருக்கு உணவு ஒவ்வாமை இருப்பதாகத் தெரியவந்தது. அவர்களில் சுமார் 41 சதவீதத்தினரிடமே எபிநெஃப்ரின் பேனாவுக்கான மருந்துச் சீட்டு இருந்தது. நான் கூட்டத்தில் சொல்லும் முதல் எண் இதுதான்.

மறக்க முடியாதவர், பேரனைப் பார்த்துக்கொள்ளக் காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார். பயிற்சிப் பேனாவைக் கையில் கொடுத்ததும், பட்டன் பேனாவை அழுத்துவதுபோல் ஆரஞ்சு முனையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். உண்மையான பேனாவில் நீல மூடியைக் கழற்றிவிட்டு இப்படி அழுத்தியிருந்தால் மருந்து அவர் விரலுக்குள் இறங்கியிருக்கும். "அம்மா, ஊசி வருகிற பக்கமே அதுதான்" என்றேன். ஒரு கணம் தயங்கியவர், பேனாவை முஷ்டிக்குள் பிடித்து, நீல மூடியைக் கழற்றி, தன் புடவையின் மேலேயே தொடையில் குத்தி, மூன்று எண்ணி எடுத்தார். "நீலம் மேலே, ஆரஞ்சு தொடையிலே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒன்பது முறை செய்து பார்த்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாத அவரிடம்தான் நாளின் பெரும்பகுதி அந்தக் குழந்தை இருக்கிறது; பள்ளியில் எல்லோருக்கும் பயிற்சி அளித்துவிட்டு இவரை விட்டுவிட்டால் என்ன பயன்?

இன்னொரு நாள், ஐந்து மாதக் கைக்குழந்தையுடன் வந்த இளம் தாய், மூத்தவனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை என்பதால் இளையவளுக்கு மூன்று வயது வரை காட்டவே போவதில்லை என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது; 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே ஒவ்வாமைக் குடும்பங்களுக்கு அப்படித்தான் அறிவுறுத்தியது. அதைப் புரட்டிப் போட்டது லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிதியோன் லாக் குழு 2015இல் வெளியிட்ட லீப் ஆய்வு. இங்கிலாந்தில் வாழும் யூதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இஸ்ரேலியக் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு அதிகம். இஸ்ரேலில் பல் முளைக்கும் வயதிலேயே வேர்க்கடலைப் பொரியான பம்பாவைக் கொடுத்துவிடுகிறார்கள் என்ற கவனிப்பிலிருந்து பிறந்த ஆய்வு அது. கடும் எக்சிமாவோ (தோல் அரிப்பு அழற்சி) முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளில், வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கும், தொடர்ந்து உண்டவர்களில் 3.2 சதவீதத்தினருக்கும் ஐந்து வயதில் ஒவ்வாமை இருந்தது. ஆயினும் எக்சிமா கடுமையாக இருக்கும் குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுப் பரிசோதித்த பிறகே கொடுக்க வேண்டும். முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பதால் நீர்க்கக் கரைத்த வேர்க்கடலை வெண்ணெயாகவே கொடுக்க வேண்டும். இதை அந்தத் தாய்க்கு நான் இரண்டு முறை சொன்னேன்.

லண்டனிலிருந்து ஒரு தாய்:

சகோதரி எழுதியதைப் படித்தபோது எங்கள் வீட்டு மேசை இழுப்பறைதான் கண்முன் வந்தது. என் மகளுக்கு ஒன்பது வயது. பால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உண்டு. இன்ஹேலர் பழகிவிடும் என்று மாமியார் அஞ்சியதால், தினமும் எடுக்க வேண்டிய பழுப்பு இன்ஹேலரை நிறுத்திவிட்டு, இளைக்கும்போது மட்டும் நீல இன்ஹேலரைக் கொடுத்து வந்தோம். ஆஸ்துமா செவிலியர் ஒருநாள் கணினியில் பார்த்து, ஓராண்டில் பதினான்கு நீல இன்ஹேலர் வாங்கியிருக்கிறோம் என்று எண்ணிக் காட்டினார். நான் பெருமையாக, மருந்தை ஒழுங்காக வாங்குகிறோம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

பிரிட்டனில் நிகழ்ந்த 195 ஆஸ்துமா இறப்புகளை ஆராய்ந்து 2014இல் வெளியான அறிக்கையை அவர் எடுத்துச் சொன்னார். இறந்தவர்களில் பலர், முந்தைய ஓராண்டில் பன்னிரண்டுக்கு மேற்பட்ட நிவாரண (நீல) இன்ஹேலர்களைப் பெற்றிருந்தார்கள். நீல இன்ஹேலர் தற்காலிகமாகக் குழாயை விரிக்குமே தவிர உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிக்காது. அதைத் தணிப்பது பழுப்பு இன்ஹேலர்தான். அன்று முதல் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் பழுப்பு இன்ஹேலரையும் ஸ்பேசரையும் (இன்ஹேலரில் மாட்டி மருந்தை இழுக்க உதவும் குழாய்) வைத்திருக்கிறோம். காலையும் இரவும் மாமியாரே அவளை மெதுவாக இழுத்து மூச்சை அடக்கச் சொல்கிறார்.

கோவையிலிருந்து ஒரு தந்தை:

எங்கள் ஊரில் எபி பென் எளிதில் கிடைப்பதில்லை. முந்திரி ஒவ்வாமை உள்ள என் மகளுக்கு (எடை 20 கிலோ) மருத்துவர் ஒரு மில்லிகிராம் அட்ரினலின் (எபிநெஃப்ரினின் மற்றொரு பெயர்) கொண்ட ஒரு மில்லி ஆம்பூலையும் (சிறு கண்ணாடி மருந்துக் குப்பி), ஒரு மில்லி சிரிஞ்சையும் சீட்டு எழுதிக் கொடுத்து, 0.2 மில்லி அளவில் நிரந்தர மையால் கோடு போட்டுத் தந்தார். நானும் மனைவியும் ஆம்பூல் உடைக்கப் பழகினோம். வாழைப்பழத்தில் தண்ணீர் ஏற்றிப் பார்த்தோம். பள்ளியில் மட்டும், ஊசி என்றதும் வாங்கி வைக்க மறுத்துவிட்டார்கள். கர்நாடகத்தில் பள்ளிக் குழந்தைகளிடையே நடந்து 2020இல் வெளியான ஆய்வில் உணவு ஒவ்வாமை 0.14 சதவீதம் மட்டுமே என்று நான் படித்ததை, அவர்களும் வேறு விதமாகச் சொன்னார்கள்: "இப்படி ஒரு குழந்தையை இதுவரை பார்த்ததே இல்லை." அரிதாக இருப்பதால்தான் ஆசிரியர்களுக்குப் பழக்கம் இல்லை, பழக்கம் இல்லாததால்தான் எனக்குப் பயம். ஒவ்வாமை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதிய செயல்திட்டத் தாள் யாரிடமாவது இருக்கிறதா?

சிகாகோவிலிருந்து ஒரு தாய்:

ஐயா, நாங்கள் பாட்டிமாருக்காகத் தயாரித்த தாள் இருக்கிறது, இன்றே அனுப்புகிறேன். ஆனால் அது பேனாவுக்காக எழுதியது. ஆம்பூல் உடைப்பதையும் கோடு வரை இழுப்பதையும் நீங்கள் எழுதி, உங்கள் மருத்துவரிடம் காட்டித் திருத்திக் கொடுத்தால், இரண்டாம் பக்கமாகச் சேர்த்துவிடலாம். முதல் வரி இரண்டு பக்கத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும்: சாப்பிட்ட பின் மூச்சு இரைத்தால், முதலில் தொடையில் ஊசி.