புதுப்பிப்பு: தினமும் ஓடியும் எடை குறையவில்லை

சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடியும் எடை அசையவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

“ஓட்டத்தைக் கூட்டாதீங்க, ஓடி முடிச்சதும் என்ன சாப்பிடுறீங்கன்னு பாருங்க” என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. 70 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 350 கலோரிதான் செலவு. இரண்டு பரோட்டாவும் ஒரு தே தாரிக்கும் (ஆற்றிய இனிப்புப் பால் தேநீர்) போதும், அது முழுக்கத் திரும்பிவிடும். இப்போது வீட்டுத் தோசை, முட்டை, தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்). (பரோட்டாக் கடை அண்ணன் இன்னும் கையசைக்கிறார்.)

எதிர்பாராதது: வேகமாக ஓடிய நாளில் உடனே பசிப்பதில்லை. கடும் உடற்பயிற்சி, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் சுரப்பைச் சற்று நேரம் அடக்கிவிடுகிறது. பசி முற்பகலில், அலுவலகத்தில்தான் பிடிக்கிறது. அதற்கு அவித்த கொண்டைக்கடலை கொண்டுபோகிறேன்.

எடை மெதுவாக இறங்குகிறது. இடுப்பு அதற்கு முன்பே குறைந்துவிட்டது.