விவாகரத்து நடக்குறப்ப மனசு விட்டுப் பேச ஆள் தேடுறேன், மதுரைப் பக்கம் யாரைப் பாக்கலாம்?

வைகைக்கரை டீச்சர்

எனக்கு 36 வயசு. மதுரையில ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். ஏழு வயசுல ஒரு பொண்ணு. இப்ப அம்மா வீட்டுல இருக்கோம். ரெண்டு பேரும் சம்மதிச்சு விவாகரத்து மனு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் நாலு மாசம் காத்திருக்கணும்னு வக்கீல் சொல்லியிருக்காரு. பிள்ளை யார்கிட்ட, செலவுக்கு எவ்வளவு, எல்லாம் பேசி முடிச்சாச்சு. சொந்தக்காரங்க பார்வைக்கு எல்லாம் சுமுகமா முடியுது.

ஆனா நான் நல்லா இல்ல. தினமும் ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்துருது, அப்புறம் விடியுற வரைக்கும் ஃபேனைப் பாத்துக்கிட்டே படுத்திருக்கேன். போன வாரம் எட்டாம் வகுப்புல போர்டுல ஒரு சமன்பாட்டைப் பாதி போட்டுட்டு அடுத்த வரி வராம அப்படியே நின்னுட்டேன். 12 வருஷமா சொல்லிக்கொடுக்குற கணக்கு அது. முன் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி, "மிஸ், எக்ஸை அந்தப் பக்கம் கொண்டு போகணும்"னு எனக்கு மட்டும் கேக்குற மாதிரி மெதுவா சொன்னா. அந்தப் பிள்ளைக்கு என் முகத்துல என்ன தெரிஞ்சிருக்கும்னு நெனச்சு நெனச்சு அன்னைக்கு முழுக்க ஒரு வேலையும் ஓடல.

ஒரு கவுன்சிலரைப் போய்ப் பாத்தேன். இருபது நிமிஷம் கூட ஆகல, "பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கீங்க, கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகக் கூடாதா?"ன்னு கேட்டாங்க. 800 ரூபாயைக் கொடுத்துட்டு வந்து பஸ் ஸ்டாப்புல உக்காந்து அழுதேன். குடும்ப நல நீதிமன்றத்துல பேசின கவுன்சிலரும் சேர்ந்து வாழப் பாருங்கன்னுதான் சொன்னாங்க. எனக்கு யாரும் சேத்து வைக்க வேணாம். பிரியுறதைத் தாங்குறதுக்குத்தான் ஒரு துணை வேணும்.

டாக்டர்கிட்ட போகணுமா, கவுன்சிலர்கிட்டயா? நல்ல ஆளுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தமிழ்ல பேசணும், எனக்கு அழுகை தமிழ்லதான் வருது. இன்னொரு பயமும் இருக்கு. நாளைக்கு என் கணவர் வீட்டுல மனசு மாறி பிள்ளைய கேட்டா, "இவ மனநல டாக்டர்கிட்ட போனவ"ன்னு கோர்ட்டுல சொல்லிருவாங்களோ? அம்மாவும் இதையேதான் சொல்லித் தடுக்குறாங்க.

திருநகர் அக்கா

தங்கச்சி, எனக்கு 2019-ல தீர்ப்பு வந்துச்சு. நீ எழுதுனதுல பாதி நான் எழுதுன மாதிரியே இருக்கு.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். கோர்ட்டுல பேசுன கவுன்சிலர் மேல வருத்தப்படாத. சமரசம் ஆகுமான்னு முதல்ல பாக்கணும்னு 1984-ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டமே சொல்லுது. அவங்க அந்த வேலைய செய்யுறாங்க. ஆனா அவங்க உனக்குன்னு வச்ச ஆள் கிடையாது. வழக்கு எப்படி முடிஞ்சாலும் தனக்கு லாபமும் இல்ல நட்டமும் இல்லன்னு இருக்குற ஒருத்தர்தான் உனக்கு வேணும். நீ 800 ரூபாய் கொடுத்துட்டு வந்தியே, அவங்க அப்படி இல்ல. அதுல உன் தப்பு எதுவுமே கிடையாது.

கவுன்சிலர்னு போர்டு மாட்டிக்கிறது ரொம்ப சுலபம், அதனால படிப்பைக் கேளு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னா பெரும்பாலும் எம்.ஃபில் முடிச்சிருப்பாங்க, இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல (ஆர்.சி.ஐ.) பதிவு எண் வாங்கியிருக்கணும். போன்லயே "உங்க ஆர்.சி.ஐ. நம்பர் சொல்லுங்க"ன்னு கேளு. முறையாப் பதிவு பண்ணவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. கவுன்சில் இணையதளத்துல பேரைப் போட்டும் பாக்கலாம். சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடிச்சு அதுக்கு மேல மனநலம் படிச்ச டாக்டர், மாத்திரை எழுதுறது அவங்கதான். உனக்குத் தூக்கம் இப்படிக் கெட்டிருக்குறதால ஒரு தடவை அவங்களையும் பாத்துரு. நானும் அஞ்சு மாசம் மாத்திரை சாப்பிட்டேன், டாக்டர் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தினேன்.

எனக்கு மூணாவது ஆள்தான் சரிப்பட்டு வந்தாங்க. முதல் ஆள் வரிக்கு வரி இங்கிலீஷ். ரெண்டாவது ஆள் ஜாதகம் பாத்தீங்களான்னு கேட்டாரு. மூணாவது அம்மா, "காலையில என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டாங்க. யோசிச்சுப் பாத்தேன், ஞாபகமே வரல. "சரி, இன்னைக்கு இதுல இருந்து ஆரம்பிப்போம்"னாங்க. அன்னைக்குப் பூரா அவரைப் பத்தி ஒரு கேள்வி கூடக் கேக்கல. மூணு வாரம் கழிச்சு நானாத்தான் அந்தப் பேச்சை எடுத்தேன்.

போன் பண்றப்ப இதைக் கேட்டுரு: "பிரியுறதுன்னு முடிவு பண்ணியாச்சு, அதுல இருந்து எந்திரிச்சு வரத்தான் உதவி வேணும், அப்படிப் பாப்பீங்களா?" எடுத்த எடுப்புலயே "ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க"ன்னு சொன்னாங்கன்னா, நன்றி சொல்லி வச்சிரு. ரெண்டு மூணு தடவை போயும் மனசு ஒட்டலைன்னா ஆளை மாத்தலாம், அதுக்குச் சங்கடப்படாத.

எனக்கு ஒரு தடவைக்கு 1,200 ரூபாய் ஆச்சு. முதல்ல வாரா வாரம் போனேன், அப்புறம் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா. அவ்வளவு முடியலைன்னா ராஜாஜி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, ஓ.பி. சீட்டு போட்டுப் பாக்கலாம். கூட்டம் இருக்கும், ஒரு மணி நேரம் உக்காந்து பேச முடியாது, ஆனா டாக்டர் பாப்பாங்க. ராத்திரி 3 மணிக்கு 14416-க்குப் போன் போடு. அரசாங்கத்தோட டெலி-மானஸ், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

கடைசியா ஒண்ணு. தீர்ப்பு வந்துருச்சு, இனி எதுக்குன்னு நிறுத்திராத. நான் அந்தத் தப்பைத்தான் பண்ணேன். தீர்ப்பு கையில கிடைச்ச அன்னைக்கு நல்லாத் தூங்கினேன். மூணாவது வாரம் ஞாயித்துக்கிழமை இட்லிக்கு ஊறப்போடப் போனேன். கை தானா நாலு டம்ளர் அரிசி அளந்து போட்டுருச்சு, மூணு பேருக்கு நாங்க எப்பவும் போடுற அளவு. வீட்டுல நானும் என் பையனும் மட்டும்தான். அரிசியைத் திருப்பிக் கொட்டவும் மனசு வரல. ஆட்டி வச்சேன், புதன்கிழமைக்கெல்லாம் மாவு புளிச்சுப் பொங்கி மூடியைத் தள்ளிக்கிட்டு நின்னுச்சு. அந்தப் பாத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டு அடுப்படியிலயே உக்காந்துட்டேன். அன்னைக்கே அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். அடுத்த தடவை போனப்ப முழு நேரமும் அந்த மாவைப் பத்தி மட்டும்தான் பேசினோம். ரெண்டு பேருக்கு எவ்வளவு அரிசின்னு அங்க உக்காந்துதான் கணக்குப் போட்டேன்.

கருப்புக்கோட்டு

குடும்ப வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். சகோதரியின் பயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவு: உங்கள் மனநலம், சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து, அதிகாரமுள்ள அமைப்பின் உத்தரவு போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒருவருக்கு மனநோய் என்று கண்டறியப்பட்டாலும் அதை மட்டும் வைத்து அவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கருதக் கூடாது என்கிறது. தூக்கம் வரவில்லை என்று ஒரு தாய் டாக்டரிடம் போனதைக் காட்டி யாராவது வாதாடினால், தன்னைக் கவனித்துக்கொள்ளத் தெரிந்த தாய் என்றுதான் நான் பதில் வாதம் வைப்பேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ரசீது, அப்பாயின்ட்மென்ட் செய்தி எதுவும் கணவரும் திறக்கக்கூடிய மெயிலுக்குப் போக வேண்டாம். பழைய பாஸ்வேர்டுகளை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. அந்த ஆறு மாத அவகாசம் கட்டாயமில்லை, தகுந்த சூழலில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்திருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். மனதைத் தேற்றிக்கொள்ள அந்த நாலு மாதம் உங்களுக்கே தேவைப்பட்டால் அவசரப்பட வேண்டியதில்லை.

தேனிக்காரன்

ஆம்பளைங்களும் இதைப் படிப்பாங்கன்னுதான் எழுதுறேன். என் மக அவங்க அம்மாகிட்ட இருக்கா, ஞாயித்துக்கிழமை மட்டும் நான் பாக்கலாம். கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்புற வழியில வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டு மூச்சு முட்ட உக்காந்திருந்த நாள் நிறைய. எங்க ஊர்ல தெரிஞ்ச முகமாத்தான் இருக்கும், அதனால சென்னையில இருக்குற ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட வீடியோ கால்ல பேசுறேன். வீட்டுல சுவத்துக்குக் காது உண்டு, அதனால காருக்குள்ள உக்காந்து கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் பேசுவேன். அம்மா வீட்டுல இருக்குற தங்கச்சிக்கும் இது உதவலாம். எட்டு மாசமாப் பேசுறேன். இப்ப மகளை விட்டுட்டு நேரா வீட்டுக்கு வந்து சேர முடியுது.

வைகைக்கரை டீச்சர்

அக்கா, அண்ணன், வக்கீல் சார், எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி 3 மணிக்கு 14416-க்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு பேசுனாங்க. பாதி நேரம் நான் அழுதேன், அவசரப்படுத்தாம கேட்டுக்கிட்டு இருந்தாங்க. காலையில மூணு பேருக்குப் போன் பண்ணி அக்கா சொன்ன கேள்வியக் கேட்டேன். ஒருத்தங்க, "முடிவு உங்களோடது, அதுக்குள்ள நான் வர மாட்டேன்"னு சொன்னாங்க. ஆர்.சி.ஐ. நம்பரும் சரிபாத்துட்டேன். செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கு, அண்ணா நகர்ல.

அம்மாகிட்ட டியூஷன்னு பொய் சொல்லலாம்னுதான் முதல்ல இருந்தேன். சொல்லல. எங்க போறேன்னு உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் வெங்காயம் உரிச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துட்டுப் போ. பாப்பாவை நான் பாத்துக்கிறேன்"னாங்க.