பள்ளியில் அசல் ஆய்வு: சாத்தியமா, வெறும் நாடகமா?

வேர்நுனி:
ஒன்பதாம் வகுப்பிலேயே ‘சொந்த ஆய்வு’ செய்யச் சொல்வது வீண் வேலை என்பது என் கட்சி. ஒரே பொருளைப் பத்து முறை எடை போட்டால் ஏன் பத்து எண் வருகிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளையிடம் புதுமை கேட்டால், அப்பா அட்டை ஒட்டுவார், வாத்தியார் முடிவு எழுதுவார், பிள்ளை ஒப்பிக்கும்.

கரிக்கோடு:
அடிப்படை முடியட்டும் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. எமிலி ரோசாவை எடுத்துக்கொள்ளுங்கள். உடலைத் தொடாமலே அதன் ‘ஆற்றலை’ உள்ளங்கையால் உணர்ந்து குணப்படுத்துவதாகச் சொன்ன 21 பேரைச் சோதிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 9. தேவைப்பட்டது ஓர் அட்டைத் தடுப்பும் ஒரு நாணயமும். தடுப்புக்கு அந்தப் பக்கம் கைகளை நீட்டியவர், தன் எந்தக் கைக்கு அருகே எமிலியின் கை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வலதா இடதா என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். 280 முறையில் 123தான் சரி, அதாவது 44 சதவீதம். குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி தேறும்! 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது.

வேர்நுனி:
அதை எழுதிய நால்வரில் மூவர் பெரியவர்கள், ஒருவர் தாயார். அதோடு அது சரியா தவறா என்று எண்ணினால் தீர்ந்துவிடும் சோதனை. பள்ளியில் நடப்பது உப்புநீரில் பயறு முளைக்கும் கதை. ஒரே தட்டில் 20 பயறு போட்டு ‘20 மாதிரிகள்’ என்பார்கள். அந்தத் தட்டு ஜன்னலோரம் காய்ந்தால் இருபதும் சேர்ந்தே காயும். அது ஒரு மாதிரிதான்.

தட்டுக்கணக்கு:
இதில் வேர்நுனி சொல்வது முழுக்கச் சரி. ஆனால் திருத்தக்கூடிய பிழை. உப்புக் கரைசலின் செறிவுகள் 0, 50, 100, 150, 200 மில்லிமோலார் (லிட்டருக்கு எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதன் அளவு). ஒவ்வொன்றுக்கும் 5 தட்டு, தட்டுக்கு 20 விதை. 200க்கு லிட்டருக்கு 11.69 கிராம் சோடியம் குளோரைடு. சமையல் உப்பு வேண்டாம், அயோடினும் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்ப்பதும் அதில் உண்டு. 50க்குத் தனியாக 2.92 கிராம் எடை போடாதீர்கள்; சுமாரான தராசு அங்கேதான் காலை வாரும். 200 கரைசலில் 250 மில்லி எடுத்து ஒரு லிட்டராக்குங்கள். தட்டில் வடிதாள், 5 மில்லி கரைசல். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா கட்டாயம்: நீர் ஆவியாகும், உப்பு ஆகாது, மூன்றாம் நாள் உங்கள் 100 வேறு எண்ணாகியிருக்கும். தட்டுகளின் இடத்தைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். வேர் 2 மில்லிமீட்டர் வந்தால்தான் முளைத்தது என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். எண்ணுபவருக்கு எந்தத் தட்டில் எந்தச் செறிவு என்று தெரியக் கூடாது.

வேர்நுனி:
நல்ல பயிற்சி, ஒப்புக்கொள்கிறேன். இதில் அசல் எங்கே? உப்பு முளைப்பைக் குறைக்கும் என்பது ஊரறிந்த விஷயம்.

கரிக்கோடு:
அசல் அடுத்த கேள்வியில் இருக்கிறது. முளைக்காமல் நின்ற விதைகளைக் கழுவி வெறும் நீருக்கு மாற்றுங்கள். முளைத்தால், உப்பு விதையை நீர் உறிஞ்சவிடாமல் தடுத்திருக்கிறது, அவ்வளவுதான். முளைக்காவிட்டால் விதைக்கே கேடு வந்திருக்கலாம். தாங்கள் சேகரித்த ஒரு காட்டுச்செடியின் விதையில் இது எந்தச் செறிவில் மாறுகிறது என்பதற்குப் பெரும்பாலும் புத்தகத்தில் பதில் இருக்காது. அங்கே வாத்தியாரும் முடிவை எழுத முடியாது.

வேர்நுனி:
காட்டுவிதை உறக்கத்தில் இருந்தால்? வெறும் நீரிலேயே முளைக்காது.

தட்டுக்கணக்கு:
அதனால் முதல் வாரம் வெறும் நீரில் நாலைந்து தட்டு மட்டும் வைத்துப் பாருங்கள். அங்கேயே 20க்கு 6 முளைத்தால் விதையை மாற்றுங்கள். ஒரு தட்டில் 18, பக்கத்துத் தட்டில் 9 என்று வந்தால் சின்ன விளைவு எதையும் கண்டுபிடிக்க முடியாது, தட்டுகளைக் கூட்ட வேண்டும்.

வேர்நுனி:
ஆறு குழு, குழுவுக்கு 25 தட்டு என்றால் 150. எங்கே அடுக்குவது?

தட்டுக்கணக்கு:
குழுவுக்கு ஐந்தே தட்டு, செறிவுக்கு ஒன்று. ஆறு குழுவும் சேர்ந்து ஆறு மறுசெய்கை, மொத்தம் 30 தட்டு. ஆளுக்கொரு செறிவு என்று மட்டும் பங்கு போடாதீர்கள். ஒரு குழு 5 மில்லிக்குப் பதில் 7 ஊற்றியிருந்தால், அந்த வித்தியாசம் உப்பின் கணக்கில் போய்ச் சேரும்.