கலை, பண்பாட்டு மேலாண்மை முதுகலைப் படிப்பு: வழிகாட்டுதல் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு தெருக்கூத்துக் குழுவின் நிகழ்ச்சி ஒப்பந்தங்களையும் கணக்குகளையும் 6 ஆண்டுகளாகக் கவனித்து வரும் நான், லண்டனில் கலை, பண்பாட்டு மேலாண்மையில் முதுகலை படிக்க விரும்புகிறேன்.

தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஆள்தேவை குறையும், ஆனால் நால்வர் வாசிக்கும் இசைக்கு இன்றும் நால்வரே வேண்டும் என்பதால் நிகழ்த்துகலையின் செலவு ஏறிக்கொண்டே போகும் என்று பௌமோல், போவன் ஆகிய பொருளியலாளர்கள் 1966இல் விளக்கினார்கள். அதைப் படித்தபோது, திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடியவிடிய ஆடும் எங்கள் கூத்தர்கள்தாம் நினைவுக்கு வந்தார்கள். கதையை நகர்த்திச் சிரிப்பூட்டும் கட்டியங்காரனையோ மிருதங்கக்காரரையோ குறைத்துக்கொண்டு கூத்து நடத்த இயலாது. இந்தச் சிக்கலை முறையாகக் கற்கவே செல்ல நினைக்கிறேன்.

கிங்ஸ் கல்லூரி, கோல்ட்ஸ்மித்ஸ் ஆகிய இரண்டில், நாட்டார் கலைகளுக்கான நிதி குறித்து ஆய்வேடு எழுத எது பொருத்தமானது என்று அங்கே படித்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மற்றொன்றே எனக்குப் பெரிய கவலை. பிரிட்டன் அரசு வழங்கும் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணிநேரப் பணி அனுபவம் தேவை. எனக்கோ சம்பளச் சீட்டு கிடையாது. ஊரார் தாம்பூலத்தோடு தரும் முன்பணத்தைக் குறித்துவைத்த நோட்டுகள் மட்டுமே உள்ளன. இத்தகைய பணியை விண்ணப்பத்தில் எவ்வாறு கணக்கிட்டு எழுதுவது, பரிந்துரைக் கடிதத்தைக் குழுவை நடத்தும் ஆசானான வாத்தியாரிடம் பெறலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.