மே மாத உலக சாம்பியன்: பட்டம் பெரிது, ஆள் எங்கே?

நீலக்கோடு (திரியைத் தொடங்கியவர்):
ஐஸ் ஹாக்கி உலக சாம்பியன்ஷிப் என்ற பெயரில் இருந்து 'உலக' என்பதை எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. திட்ட நினைப்பவர்கள் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

வருடாவருடம் மே மாதத்தில் 16 நாடுகள் ஆடுகின்றன. அதே மே மாதத்தில்தான் வட அமெரிக்காவில் என்எச்எல் லீக்கின் ஸ்டான்லி கோப்பை பிளேஆஃபும் (சீசன் கடைசியில் வரும் நாக்அவுட் சுற்றுகள்) நடக்கிறது. அதில் இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்கள் வர முடியாது. தோற்று வெளியேறியவர்கள் வரலாம், அதுவும் உடம்பும் மனமும் இடம் கொடுத்தால். ஆக, அந்த சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் இல்லாமல் ஒரு 'உலக' சாம்பியனைத் தேர்ந்தெடுக்கிறோம்.

2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் நான்கு நாடுகள் போட்டி நடந்தது, எல்லோரும் என்எச்எல் ஆட்கள். பாஸ்டனில் இறுதி ஆட்டம், ஓவர்டைமில் மெக்டேவிட் அடித்து கனடா அமெரிக்காவை 3-2 என்று வென்றது. மே மாதம் ஸ்டாக்ஹோமில் அமெரிக்கா சுவிட்சர்லாந்தை ஓவர்டைமில் 1-0 என்று வென்று உலக சாம்பியன் ஆனது. 1933-க்குப் பிறகு முதல் பட்டம். அந்த நேரத்தில் மெக்டேவிட் எங்கே? தன் என்எச்எல் அணியான எட்மன்டனுக்காக ஸ்டான்லி கோப்பையில் ஆடிக்கொண்டிருந்தார். இரண்டில் எது உண்மையான போட்டி, நீங்களே சொல்லுங்கள்.

பழைய_ஸ்கேட்:
ஒரு திருத்தம் மட்டும். 1933-க்குப் பிறகு முதல் பட்டம் என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் ஒலிம்பிக் தங்கமே உலகப் பட்டமாகவும் கணக்கில் வரும். 1960-இல் ஸ்குவா வேலி ஒலிம்பிக்கில் அமெரிக்கா வென்றது. தனியாக நடந்த உலகப் போட்டி என்றால் 1933, சரிதான். மற்றதற்கு ராத்திரி வருகிறேன், நிறைய இருக்கிறது.

நான்காம்லைன்:
நீலக்கோடு சகோ, உங்களுக்கு இரண்டு ஸ்கோர் சொல்கிறேன்.

1949, ஸ்டாக்ஹோம்: கனடா 47, டென்மார்க் 0.
2025, ஹெர்னிங்: டென்மார்க் 2, கனடா 1.

முதலாவது எழுத்துப்பிழை இல்லை, நாற்பத்தேழு. டென்மார்க்கின் முதல் உலகப் போட்டி அது. அப்புறம் அவர்கள் மேல் பிரிவுக்குத் திரும்பி வந்ததே 2003-இல்தான்.

இரண்டாவது, கால் இறுதி. கனடா அணியில் என்எச்எல் நட்சத்திரங்கள் கிராஸ்பியும் மெக்கின்னனும் இருந்தார்கள். 'ஆள் இல்லை' என்ற பேச்சு இங்கே எடுபடாது. கடைசி மூன்று நிமிடம் வரை கனடா 1-0 என்று முன்னால். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து, போனை மேசைக்கு அடியில் பிடித்துக்கொண்டு, சத்தம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். 2 நிமிடம் 17 வினாடி மிச்சம், நிகோலாய் ஏலர்ஸ் சமன் செய்கிறார். சரி, ஓவர்டைம் என்று நினைத்துத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் திரையில் சிவப்புச் சட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. 49 வினாடி மிச்சம் இருக்கும்போது நிக் ஓலெசன் அடித்துவிட்டார். அரங்கமே அதிர்ந்திருக்கும், நான் பார்த்தது ஊமைப்படம்.

அந்த நாட்டுக்காரரிடம் போய் 'இது உலகப் போட்டி இல்லை' என்று சொல்லிப் பாருங்கள்.

நீலக்கோடு:
அழகாக எழுதினீர்கள், ஆனால் என் பக்கத்துக்கே சாட்சி சொல்லிவிட்டீர்கள். ஏலர்ஸ் எப்படி அங்கே வந்தார்? அப்போது அவர் ஆடிய வின்னிபெக் அணி என்எச்எல் பிளேஆஃபில் தோற்றதால் வந்தார். அந்த அணி இன்னொரு சுற்று தாண்டியிருந்தால் சமன் செய்ய அவர் இல்லை. டென்மார்க்கின் வரலாறு அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆட்டத்தின் முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு உலகப் போட்டியா?

கோல்கம்பம்:
நீலக்கோடுக்கு ஒரு ஓட்டு. இதைவிட மோசம் 2024 பிராக். என்எச்எல் பிளேஆஃபில் பாஸ்டன் அணி வெளியேறியதும் அதில் ஆடும் செக்காரர்கள் பாஸ்டர்னாக்கும் சாக்காவும் விமானம் ஏறி வந்து, கால் இறுதியில் செக் அணியில் சேர்ந்தார்கள். குழு ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. கால் இறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக 1-0, அந்த ஒரே கோல் சாக்காவுடையது. இறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக 2-0, முதல் கோல் பாஸ்டர்னாக். முதல் வாரம் முழுக்க உடம்பெல்லாம் நீலம் பாரிக்க ஆடினவனுக்கு என்ன மரியாதை? அணிப் பட்டியலில் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, யார் தோற்பார்கள் என்று வாசலில் காத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு வராதவர் பந்திக்கு மட்டும் வந்த கதை.

நான்காம்லைன்:
பந்திக்கு வந்தவர்தானே கடைசியில் பாத்திரமும் கழுவினார்! சொந்த நாட்டுக்கு ஆட நினைக்கிறவனை வராதே என்று சொல்வதா? இருவரும் ஒரு முழு சீசன் ஆடி, பிளேஆஃபில் அடிபட்டு, வீட்டில் படுத்துக்கிடக்க வேண்டியவர்கள். பெரிய ஒப்பந்தம் கையில் இருப்பவனுக்கு மே மாத ஆட்டத்தில் முட்டி போனால் அடுத்த சீசன் போச்சு. அப்படியும் வந்தார்கள். அந்தப் போட்டிக்கு ஏறக்குறைய 8 லட்சம் பேர் டிக்கெட் வாங்கி வந்தார்கள், போட்டி வரலாற்றில் அதுதான் அதிகம். மதிப்பில்லாத பட்டத்துக்கா இவ்வளவு பேர்?

பழைய_ஸ்கேட்:
வந்துவிட்டேன். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'முன்பெல்லாம் சிறந்தவர்கள் ஆடினார்கள், இப்போது இல்லை' என்ற தொனி நீலக்கோடு எழுதியதில் இருக்கிறது. அப்படி ஒரு 'முன்பு' இருந்ததே இல்லை, தம்பி. அந்த 47-0-ஐ அடித்தது கனடாவின் தேசிய அணி அல்ல, சட்பரி வுல்வ்ஸ் என்ற அமெச்சூர் கிளப். அந்தக் காலத்தில் கனடா ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு ஊர் அணியைக் கையைக் காட்டி அனுப்பிவிடும், அது ஜெயித்தும் வரும். 1954-இல் சோவியத் யூனியன் முதல் தடவையாக வந்து, அப்படி வந்த ஒரு கனடிய கிளப்பை 7-2 என்று புரட்டிப்போட்டது. அதோடு அந்த வித்தை பலிப்பது குறைந்தது. 1961-இல் டிரெயில் என்ற சிறிய ஊரின் அணி வென்றதுதான் கடைசி. அப்புறம் கனடாவுக்கு அடுத்த பட்டம் 1994-இல். நடுவில் 33 வருடம்!

ஏன்? தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை. சோவியத் ஆட்கள் காகிதத்தில் ராணுவ அதிகாரிகள், அதனால் அமெச்சூர். செய்வதெல்லாம் வருடம் முழுக்க ஹாக்கி. 1963 முதல் 1971 வரை தொடர்ந்து ஒன்பது பட்டம். கனடா வெறுத்துப்போய் 1970-இல் விலகிக்கொண்டு 1977-இல்தான் திரும்பியது. இந்தப் போட்டியின் பிறவி குணமே அரைகுறைதான். அப்படியும் அது நிற்கிறது என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது.

அந்தக் காரணத்துக்கு 1969-ஐப் பாருங்கள். போட்டி பிராக்கில் நடந்திருக்க வேண்டும். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் அங்கே நுழைந்துவிட்டதால் ஸ்டாக்ஹோமுக்கு மாறியது. செக்கோஸ்லோவாக்கியா சோவியத்தை இரண்டு தடவை சந்தித்து இரண்டிலும் வென்றது. மார்ச் 21, 2-0. மார்ச் 28, 4-3. தங்கள் சட்டையில் இருந்த சின்னத்தின் சிவப்பு நட்சத்திரத்தைச் சிலர் டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு ஆடினார்கள். ஹாக்கி மட்டைக்குச் சுற்றும் அதே டேப். இரண்டாவது வெற்றி இரவில் பிராக்கின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் கூட்டம் கொள்ளவில்லை, அங்கிருந்த சோவியத் விமான நிறுவனமான ஏரோஃப்ளாட்டின் அலுவலகம் நொறுங்கியது.

தங்கம் யாருக்கு என்கிறீர்களா? சோவியத்துக்குத்தான். சோவியத், ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா மூன்றும் சமப் புள்ளி, செக்கோஸ்லோவாக்கியாவுக்கு வெண்கலம். அந்த வருடத்துச் சாம்பியனை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

நீலக்கோடு:
ஐயா, 1969 எனக்கும் தெரியும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நீங்கள் சொன்னது அரசியல், ஹாக்கி இல்லை. அந்த ஆட்டத்தின் கனம் டாங்கில் இருந்து வந்தது, பட்டத்தில் இருந்து அல்ல. அந்த இரண்டு அணியும் ஒரு நட்பு ஆட்டம் ஆடியிருந்தாலும் சதுக்கம் நிறைந்திருக்கும். என் கேள்வி சின்னது: உலகிலேயே சிறந்த அணி எது என்று இந்தப் போட்டி சொல்கிறதா, இல்லையா?

வெண்பனி:
இதற்கு ஒரு பதில் பெண்கள் பக்கம் இருக்கிறது. யாரும் தொடவே இல்லை, வழக்கம்போல.

பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பில் உங்கள் குறை எதுவும் கிடையாது. சிறந்தவர்கள் எல்லோரும் வருவார்கள், ஸ்டான்லி கோப்பை குறுக்கே நிற்காது. 1990-இல் ஒட்டாவாவில் தொடங்கியது (கனடா பெண்களுக்கு இளஞ்சிவப்புச் சட்டை கொடுத்து ஆடவிட்டார்கள், அதை இன்னொரு நாள் பேசுவோம்). அன்று முதல் 2025 வரை தங்கம் வாங்கியது இரண்டே நாடு, கனடாவும் அமெரிக்காவும். இறுதி ஆட்டமும் அந்த இரண்டுக்கும்தான், ஒரே ஒரு தடவை தவிர. 2019, எஸ்போ. சொந்த மண்ணில் பின்லாந்து அமெரிக்காவுக்கு எதிராக ஓவர்டைமில் கோல் அடித்து, கையுறைகளை எல்லாம் வீசி எறிந்து கொண்டாடி முடித்த பிறகு, வீடியோ பார்த்து கோல் இல்லை என்றார்கள். ஷூட்அவுட்டில் தோற்றார்கள். இப்போதும் அந்தக் காட்சியை என்னால் முழுதாகப் பார்க்க முடியாது.

நீலக்கோடு கேட்கும் முழு பலப் போட்டி இதுதான். அந்த ஆட்டங்கள் அற்புதம், மறுக்கவில்லை. ஆனால் ஆண்கள் பக்கம் லாத்வியா வெண்கலம் வாங்கும், டென்மார்க் அரை இறுதி போகும். அந்தக் குளறுபடியே உங்களுக்குக் குறையாகத் தெரிகிறது, எனக்கு அதுதான் சுவை.

கோல்கம்பம்:
வெண்பனி தோழி, முழு பலம் வந்தால் ஆண்கள் பக்கமும் இரண்டு நாடு மட்டும்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 1998-இல் நாகானோ ஒலிம்பிக்கில் என்எச்எல் ஆட்கள் எல்லோரும் வந்தார்கள், தங்கம் செக்குக்கு. 2006 டூரின், தங்கம் ஸ்வீடனுக்கு.

வெண்பனி:
சரி, நியாயம். அந்த ஒப்பீடு கொஞ்சம் நொண்டுகிறது. ஆனால் லாத்வியாவுக்கு அங்கே பதக்கம் கிடைக்கவில்லையே!

நான்காம்லைன்:
லாத்வியா என்றதும் நினைவு வருகிறது. 2023-இல் ஓவர்டைமில் அமெரிக்காவை 4-3 என்று வென்று வெண்கலம். சமன் செய்த கோலும் வெற்றி கோலும் ஒரே ஆள், கிறிஸ்டியன்ஸ் ரூபின்ஸ், அதுவும் ஒரு டிஃபன்ஸ் ஆட்டக்காரர். அன்று நள்ளிரவில் நாடாளுமன்றம் கூடி மறுநாள் திங்கட்கிழமையை விடுமுறை ஆக்கியது. மூன்றாம் இடத்துக்கு!

அப்புறம் 2019 பின்லாந்து. அந்த அணியில் என்எச்எல் ஆடியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அரை இறுதியில் எதிரே என்எச்எல் நட்சத்திரங்கள் நிறைந்த ரஷ்யா: ஓவெச்கின், மால்கின், குச்செரோவ், வலையில் வாசிலெவ்ஸ்கி. முடிவு 1-0. அடித்தது கேப்டன் மார்கோ ஆன்டிலா, இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், என்எச்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். இறுதியில் கனடாவுக்கு எதிராகவும் இரண்டு அடித்தார், 3-1. நீலக்கோடு, அந்த ரஷ்ய அணியையும் 'ஆள் இல்லாத அணி' என்பீர்களா?

நீலக்கோடு:
இல்லை, அது பதில் சொல்ல முடியாத உதாரணம். ஒப்புக்கொள்கிறேன். ரஷ்யாவே 2022-இல் இருந்து போட்டியில் இல்லை என்பது தனிக்கதை, அதைக் கிளறினால் திரியைப் பூட்டிவிடுவார்கள்.

ஆனால் தேதியை மாற்றினால் என்ன? செப்டம்பரில் வைக்கலாமே, முன்பு என்எச்எல் ஆட்களும் ஆடிய கனடா கோப்பை அப்படித்தான் நடந்தது.

பழைய_ஸ்கேட்:
செப்டம்பரில் என்எச்எல் அணிகளின் பயிற்சி முகாம், ஐரோப்பிய லீக்குகளின் தொடக்கம். யார் ஆளை விடுவார்கள்? எப்போதாவது ஒரு தடவை என்றால் விடுவார்கள். வருடாவருடம் நடத்தினால்தான் சர்வதேச சம்மேளனத்துக்கு வருமானம், அதில் இருந்துதான் சின்ன நாடுகளின் போட்டிகள் ஓடுகின்றன. மே மாதம் ஐரோப்பாவுக்கு வசதி: லீக் முடிந்துவிடும், அரங்கம் காலி, ஜனங்களுக்கு இன்னும் ஹாக்கிப் பசி தீர்ந்திருக்காது.

நீலக்கோடு:
அப்படியானால் என் கோரிக்கையைச் சுருக்கிக்கொள்கிறேன். 'உலக' இருக்கட்டும். ஆனால் குழு ஆட்டங்கள் முடிந்ததும் அணிப் பட்டியலைப் பூட்டுங்கள். கால் இறுதிக்கு விமானத்தில் வந்து இறங்கும் வேலை வேண்டாம். இதற்குச் சுவிட்சர்லாந்து ரசிகர்களாவது கை தூக்குவார்கள் என்று நம்புகிறேன்.

கடிகாரக்காரி:
சுவிஸ் ரசிகை வந்திருக்கிறேன். 2013, 2018, 2024, 2025, நான்கு வெள்ளி. இந்த நூற்றாண்டில் 2025 வரை எங்கள் வீட்டு ஷோகேஸில் வேறு நிறமே கிடையாது.

கை தூக்கத்தான் ஆசை. ஆனால் 2024-இல் யோசியும் ஹீஷியரும் ஃபியாலாவும் எங்களுக்கு ஆடினார்கள். அவர்களும் என்எச்எல் சீசன் முடிந்துதான் வந்தார்கள், கொஞ்சம் முன்னதாக, அவ்வளவுதான். 2025-இல் கால் இறுதி 6-0, அரை இறுதி 7-0. 37 வயது ஜெனோனி வலையில் சுவர் போல நின்றார். இறுதியிலும் 60 நிமிடம் 0-0, ஓவர்டைம் தொடங்கிச் சில நிமிடத்தில் அமெரிக்காவின் டேஜ் தாம்சன் ஒரே அடி.

பாஸ்டர்னாக்கைப் பட்டியலில் பூட்டி வெளியே நிறுத்தியிருந்தாலும் நாங்கள் எப்படி ஜெயிப்போம்? 2024 இறுதியில் எங்கள் கோல் பூஜ்யம், 2025 இறுதியிலும் பூஜ்யம். அதற்கு எந்த விதியை மாற்றுவது, அதைச் சொல்லுங்கள் முதலில்.